அக்காவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு

அக்கா.

உன் பெயரைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பாள். இப்போது வீட்டில் யாருமே அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நீ வாங்கின ஆட்டுக்குட்டிகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உன் நைட்டியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கோபப்படாதே.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டவன். படிக்கிறவர்கள் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டி இருக்கிறது. வாசலில் நின்றால் ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், இன்னொரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டு. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அம்மாவும் முன்னே அங்கேதான் வேலை பார்த்தாள், இப்போது வீட்டோடு இருக்கிறாள். நான் விடியும் முன்னே போய் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிவிட்டு வெயில் ஏறினதும் திரும்பிவிடுவேன். அக்கா உப்பு பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போனாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. உப்புத்தூள் விழுந்து விழுந்து கண் எந்நேரமும் சிவந்திருக்கும். செல்போனில் ஏதோ வெளிநாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஆடு வளர்த்துப் பால் கறக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அதே பேச்சு. நம் ஊரிலும் அந்த மாதிரி குட்டை ஆடு உண்டு, பள்ளை ஆடு என்று பெயர், நாம்தான் அதை மதிப்பதில்லை என்பாள். எங்கள் பக்கம் எல்லோருக்கும் கன்னி ஆடும் கொடி ஆடும்தான் ஆடு. காலை ஊன்றி நின்றால் இடுப்புக்கு வர வேண்டும். பள்ளையைக் கண்டால் சிரிப்பார்கள்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு எட்டயபுரம் சந்தைக்குப் போனாள். அங்கே தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வாயால் சொல்ல மாட்டார்கள். எங்களுக்குக் குட்டி காட்டின தரகர் என் பக்கம் துண்டை நீட்டினார். எனக்கு எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று தெரியாது. அக்கா என்னைத் தள்ளிவிட்டுத் தன் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

"ஏளா, பொம்பளப்பிள்ள துண்டுக்குள்ள கை விடலாமா?" என்றார் தரகர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏன் அண்ணாச்சி, பொம்பளைக்கு விரல் கெடையாதா?"

"சரிதான். ஆனா ஒண்ணு, இது பள்ளை. இம்புட்டுதான் வளரும். வருசம் கழிச்சு வந்து, அண்ணாச்சி ஏமாத்திட்டியேன்னு நிக்கப்பிடாது."

"வளராதுன்னுதான வாங்க வந்திருக்கேன். எங்க வீடே தீப்பெட்டி கணக்காத்தான் இருக்கு. பால் குடுக்குமா?"

"காலைல ஒரு செம்பு, சாயந்தரம் ஒரு செம்பு. உங்க வீட்டுக் காப்பிக்கு ஆச்சு. ஒன் தம்பிக்கும் ஒரு தம்ளர் குடு. ஒடிஞ்சு விழுத மாதிரி இருக்கான்."

குட்டிகள் ரெண்டும் பெட்டை. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பால் மறக்காத குட்டியை வாங்கினால் தாயையும் பார்த்து வாங்க வேண்டும். தாயின் மடியைப் பார்த்துத்தான் குட்டியை மதிக்க முடியும். அக்காவும் கேட்டாள்.

"தாய் எங்க அண்ணாச்சி?"

"அது காலைலயே கைமாறிட்டு" என்றார். சொல்லிவிட்டுக் கறிக்கடை வண்டிகள் நின்ற பக்கம் பார்த்தார்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும் என்று அம்மா பிற்பாடு எத்தனையோ தடவை சொன்னாள். தாய் அறுபட்ட அன்றைக்கு வந்த குட்டி வீட்டுக்கு ஆகாதாம். ஆனால் கறுப்புக் குட்டி அதற்குள் அக்காவின் சுண்டுவிரலை வாய்க்குள் வாங்கிச் சப்பத் தொடங்கியிருந்தது. அவள் விரலில் எந்நேரமும் உப்பு இருக்கும், அதற்குத்தான் சப்பியிருக்கும். அக்கா விரலை இழுக்கவே இல்லை. ரெண்டையும் ஒரு கட்டைப்பைக்குள் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர், "இதுக்கு டிக்கெட் எடுக்கணுமா, இல்ல கைப்பிள்ளையா?" என்று கேட்டார். "கைப்பிள்ளதான்" என்றாள்.

பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பிறகு விற்க மனசு வராது என்றாள். செவலையைப் பெரியவ என்றும் கறுப்பைச் சின்னவ என்றும் கூப்பிட்டாள். மெடிக்கலில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற பாட்டில் வாங்கி, ஊசியைச் சூடுபண்ணி நிப்பிளில் ஓட்டையைப் பெரிசாக்கினாள். பசும்பாலை நம் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சுடாத சூட்டில் கொடுக்க வேண்டும். சூடு கூடினாலும் குறைந்தாலும் கழியும். குடிக்கும்போது குட்டியின் தலை மேலே பார்த்து இருக்க வேண்டும், தாய் மடியில் குடிக்கிற மாதிரி. தாழ்ந்திருந்தால் பால் வேறு குழாய்க்குள் போய்விடும். ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்து, வாலுக்குக் கீழே ஈரத்துணியால் தடவிவிடுவாள். தாய் நக்கிவிடுகிற மாதிரி என்பாள். மீன் ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாக்கு விரித்து அடுப்படி ஓரமாகப் படுக்க வைத்தாள்.

குட்டி வேலைக்கென்று ஒரு பழைய நைட்டி வைத்திருந்தாள். ஊதா நிறம், மஞ்சள் பூப் போட்டது. கம்பெனியிலிருந்து வந்ததும் சுடிதாருக்கு மேலேயே அதை மாட்டிக்கொள்வாள். அதைத் துவைக்க விட மாட்டாள். "வாசனை போயிட்டுன்னா என்னைய அதுகளுக்குத் தெரியாது" என்பாள். பால் கவிச்சையும் புழுக்கையும் வியர்வையும் சேர்ந்து அதில் ஒரு நாற்றம். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு போவாள். அக்கா கொல்லைப் பக்கம் நின்று நாக்கை அண்ணத்தில் ஒட்டி ரெண்டு தடவை சொடுக்குவாள். பிறகு "வாங்களா, ப்பா, ப்பா" என்பாள். "ப்பா" என்று முடிக்கும்போது குரல் லேசாக மேலே போகும். எங்கே கிடந்தாலும் ரெண்டும் ஓடி வரும்.

மாசி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். நைட்டியைக் கழற்றிக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தாள். அந்த வாரம் முடியும் முன்னே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அவளைக் கொண்டு வந்து கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீடு நிறைய ஆள். மத்தியானம் குட்டிகளைக் காணவில்லை என்று தேடினேன். ஐஸ் பெட்டிக்குக் கீழே, அந்த மெஷின் உறுமுகிற இடத்தில், ரெண்டும் கால் மடக்கிப் படுத்திருந்தன. அவ்வளவு அழுகைச் சத்தத்திலும் அசையவில்லை. இழுத்தபோதும் கத்தவில்லை. அக்கா வேலை விட்டு வருகிற நேரத்துக்குத் தினமும் தெருவே கேட்கிற மாதிரி கத்துகிற குட்டிகள் அன்றைக்கு அந்த நேரத்தில் வாயே திறக்கவில்லை. அவள் எங்கேயும் போகவில்லை என்று நினைத்தனவோ என்னவோ.

மறுநாள் பாட்டிலை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நான் கொடுத்தேன், அம்மா கொடுத்தாள், அப்பாகூட வந்து உட்கார்ந்து கொடுத்துப் பார்த்தார். என் கையிலும் உப்புதான் இருக்கிறது, விரலை நீட்டினேன், மோந்துவிட்டு விலகின. வாயைப் பிளந்து ஊற்றினால் இருமித் துப்பின. ரெண்டு நாளில் வயிறு ஒட்டிப் போயிற்று. இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு தெரிந்தது. சின்னவ நின்றபடியே தூங்கி விழுந்தது.

அவை செத்துப் போனால் அக்கா வைத்துவிட்டுப் போனது என்று ஒன்றும் இருக்காது. அது ஒன்றுதான் எனக்கு மண்டைக்குள் ஓடியது. கொல்லைக்குப் போனேன். கொடியில் அவள் போட்டது போட்டபடி நைட்டி கிடந்தது. துக்க வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எடுத்துத் தலைவழியாக மாட்டினேன். மூச்சு முட்டியது. அவளே கட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. நாக்கைச் சொடுக்கிப் பார்த்தேன். வரவில்லை, வாய் காய்ந்திருந்தது. ஆனால் குட்டிகள் எழுந்துவிட்டன.

வந்து குடித்தன. வால் துடிக்கத் துடிக்கக் குடித்தன. நான் அழுதேன். அழுதுகொண்டே பார்த்தேன், ரெண்டு குட்டியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே குடித்தன. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அன்றிலிருந்து நைட்டி போட்டால்தான் பால். அப்பாவும் அம்மாவும் பார்த்தார்கள், தடுக்கவில்லை. அக்காவும் நானும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ரெண்டு பேரும் ஒல்லி. ஒரு நாள் அந்தி நேரம், கொல்லையில் குனிந்து பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா உப்பளத்திலிருந்து வந்தவர் கொல்லைக் கதவைத் திறந்து, அக்காவின் பெயரைச் சொல்லி, "ஏளா, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்" என்றார். நான் திரும்பினேன். அவர் கையிலிருந்த தூக்குச்சட்டி விழுந்தது. அதை எடுக்காமலே உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

வெளியே மேய்ச்சலுக்குக் கூட்டிப் போகவும் அதே நைட்டிதான் வேண்டியிருந்தது. சட்டையோடு போனால் வாசல் தாண்டாது. வேலை முடிந்து வந்து மத்தியானம் முள்ளு உடைமரங்கள் நிற்கிற பக்கம் கூட்டிப் போவேன். உப்பளத்து வரப்பில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

"உச்சி வெயில்ல அந்தத் துணியப் போட்டுட்டு வெளிய போகாதலே" என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

என் கூட்டாளி ஒருவன் உண்டு, என்னோடு லாரிக்கு மூட்டை தூக்குகிறவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். முதல் நாள் என்னைத் தெருவில் பார்த்ததும் பைக்கை நிறுத்திவிட்டான்.

"ஏ மயினி, எங்க கெளம்பிட்டிய? பூ வைக்கலியா?"

"போல மூதி."

"கோவத்தப் பாரு. ஏலே, உள்ள கைலியாவது கட்டியிருக்கியா?"

"வந்து பாரேன்."

சிரித்துக்கொண்டே பைக்கை ஓரம் கட்டிவிட்டு என்னோடு நடந்து வந்தான். அவன் இப்படிப் பேசினது எனக்கு நல்லதாக இருந்தது. செத்த வீட்டுக்காரன் என்று மற்றவர்கள் என்னிடம் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

வரப்பில் குட்டிகள் எனக்கு முன்னால் போயின. ஒன்றின் பின் ஒன்றாக, ஓடாமல், நிதானமாக. பாதி வழியில் ஒரு மதகு உண்டு. அங்கே வந்ததும் ரெண்டும் நின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தாமாகவே நடந்தன.

"எதுக்குலே நிக்கிதுங்க?" என்றான்.

எனக்குத் தெரியும். அக்கா அந்த மதகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, செருப்புக்குள் போன மணலைத் தட்டிவிட்டுத்தான் நடப்பாள். எவ்வளவு நேரம் அதற்கு ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றன. அவனிடம் சொன்னேன். "பழக்கம்லே" என்றான். பழக்கம்தான். ஆனால் யார் பின்னால் போகிற பழக்கம்? நான் அவற்றுக்குப் பின்னால் அல்லவா வந்துகொண்டிருந்தேன்.

உடைமரத்தடிக்குப் போனோம். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசியது. நிழல் என்பதே காலுக்குக் கீழேதான். காற்று நின்றுவிட்டிருந்தது. மரத்தடியில் அந்த மரத்து உடங்காய் கொப்போடு ஒரு குவியலாகக் கிடந்தது. ஆடுகளுக்கு அந்தக் காய் என்றால் உயிர். கன்னி ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்று கொப்பை வளைத்துத் தின்றுவிடும். பள்ளைக்கு எட்டாது, அதிலும் குட்டிக்கு எட்டவே எட்டாது. அக்கா தொரட்டிக் கம்பால் அறுத்துப் போடுவாள்.

"தொரட்டி எங்கலே?" என்று கேட்டான்.

"வீட்டுல. சொவத்துல சாத்தியிருக்கு."

"பொறவு இத யாரு அறுத்துப் போட்டது?"

"வேற எவனாவது ஆடு கொண்டாந்திருப்பான்."

"கொண்டாந்தவன் தன் ஆட்டுக்குப் போடாம இங்கன குவிச்சு வச்சுட்டா போவான்?"

"காத்துல விழுந்திருக்கும்."

அவன் குனிந்து ஒரு கொப்பை எடுத்தான். நுனி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின இடம் இன்னும் பச்சையாக, ஈரமாக இருந்தது. சுற்றி மண்ணைப் பார்த்தோம். குட்டிகளின் குளம்பும் எங்கள் ரெண்டு பேர் செருப்பும்தான் இருந்தன. குட்டிகள் தின்றுகொண்டிருந்தன. இடையிடையே நிறுத்தி, தலையைத் தூக்கி, மரத்துக் கொப்பைப் பார்த்தன. அடுத்த கொப்பு விழும் என்று காத்திருக்கிற பார்வை அது.

அவன் கேலி பேசவில்லை. "நான் போறேன்லே" என்றான். "நீயும் வந்துரு. அந்தத் துணியக் கழட்டிட்டு வா" என்றான். நான் குட்டிகள் தின்று முடிக்கும் வரைக்கும் இருந்தேன். பயமாக இருந்தது. ஆனாலும் இருந்தேன். அப்பாவிடம் கேட்டேன், அவர் போகவில்லை. பக்கத்து வீடுகளில் கேட்டேன், யாரும் போகவில்லை. அந்தக் காயை யார் அறுத்துப் போட்டார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் நெருங்கியது. எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் போய்விட்டால் அவளைக் கன்னி என்று வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவோம். பனையோலைப் பெட்டியில் புதுப் பாவாடை, தாவணி, வளையல், பொட்டு வைத்து மேலே உயரத்தில் தூக்கி வைப்பார்கள். வருசத்துக்கு ஒரு தடவை இறக்கிப் புதுத்துணி மாற்றிப் படைப்பார்கள். பெட்டியில் இருக்கிற துணி புதிதாக இருக்க வேண்டும். அவள் உடுத்தின துணி ஒரு நூல்கூட வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் அவள் சாமியாக வந்து உட்கார மாட்டாள், பழைய உடம்பைத் தேடி அலைவாள் என்பார்கள்.

அம்மா அக்காவின் துணிகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டாள். பாவாடையும் தாவணியும் புதிதாக வாங்கியாயிற்று, பச்சை நிறம். என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"அதத் தா."

"குட்டி பால மறந்து எலய மட்டும் தின்னப் பழகட்டும்மா. பொறவு தாரேன்."

"தாலே."

"தந்தா பால் குடிக்காது. செத்துரும்."

"சாவட்டும்! ஆடா பெருசு? நீ போடப் போட எம்பிள்ள போக முடியாம நிக்கா. ஒனக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிருத."

"என்ன தெரியாது?"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"நீ போன பொறவு, நீ திரும்பி வாரதுக்கு முன்ன, வெயில் ஏறுத நேரம், கொல்லைல சொடுக்குத சத்தம் கேக்கு. ரெண்டு சொடுக்கு. பொறவு ப்பா, ப்பான்னு. குட்டிக பெட்டிக்குள்ளேருந்து எந்திச்சு ஓடுது. நான் போயிப் பாக்கதில்ல. கதவத் தெறக்கதில்ல. அடுப்படியில இருந்துக்கிடுதேன். தெனம் கேக்குலே. தெனம்."

குட்டிகளைக் காப்பாற்றத்தான் அதைப் போட்டேன். ஆனால் அம்மா சொன்ன பிறகு ஒன்று விளங்கியது. நைட்டி இருந்தால் குட்டிகள் இருக்கும், அக்கா அலைவாள். நைட்டி போனால் அக்கா சாமியாவாள், குட்டிகள் செத்துவிடும். ரெண்டில் ஒன்றை நான் சொல்ல வேண்டும். அக்காவைக் கேட்டால் என்ன சொல்வாள் என்றும் எனக்குத் தெரிந்தது. "குட்டியப் பாருலே" என்றுதான் சொல்வாள். அதனாலேயே அவளைக் கேட்கப் பிடிக்கவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் குட்டியைப் பால் மறக்க வைப்பார்கள். ஒரேயடியாக நிறுத்த மாட்டார்கள். துணியையும் அப்படிச் செய்யலாம் என்று தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். காரியம் முடியட்டும், நைட்டியை முழுசாக வைத்துக்கொள்ள மாட்டேன், தினம் ஒரு பகுதியைக் கிழித்துத் தருகிறேன், அது அன்றைக்கே கடலுக்குப் போய்விடட்டும், பெட்டியைக் கடைசித் துண்டு போன பிறகு தூக்கி வை என்றேன். அம்மா நைட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சுருக்காக் கிழி" என்றாள்.

முதல் நாள் கீழ்ப்பக்கம் ஒரு சாண் கிழித்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் குட்டிகள் மீன் பெட்டியைவிட்டு வெளியே குதித்து ஓடின. அப்பா அந்தத் துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். உப்பளத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஓடை கடலில் போய்ச் சேருகிற இடத்தில் போட்டுவிட்டு வருவார்.

மூன்றாவதோ நாலாவதோ நாள் சாயங்காலம் வந்து, "இனிமே கல்லு கட்டித்தான் போடணும்" என்றார்.

"ஏன்?"

"நேத்துப் போட்டது தண்ணிய எதுத்து வந்து வரப்பு மதகுல ஒட்டிக்கிட்டுக் கெடந்துது."

அதைத் திரும்ப எடுத்துக் கல் கட்டிப் போட்டாராம்.

நைட்டி இடுப்புக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. சட்டைக்கு மேலே ஒரு ஊதா ரவிக்கை போட்ட மாதிரி நான் திரிந்தேன். கூட்டாளி வாசலில் வந்து பார்ப்பான், உள்ளே வர மாட்டான். "இன்னும் எம்புட்டுலே இருக்கு?" என்று மட்டும் கேட்பான். இதற்கு நடுவில் குட்டிகள் அகத்திக்கீரையை வயிறு நிறையத் தின்னத் தொடங்கின. பால் குடிக்கும்போது சின்னவ எப்போதாவது என் முகத்தைப் பார்க்கும். பெரியவ பார்க்காது. அது இன்னும் என் தோளுக்குப் பின்னால்தான் பார்க்கும்.

அப்புறம் கழுத்தில் சுற்றிக்கொள்கிற அளவு ஒரு துண்டுதான் மிச்சம். அதையும் பாதியாக்கிப் பாட்டிலைச் சுற்றிக் கட்டினேன். நான் என் சட்டையோடு உட்கார்ந்தேன். குடித்தன. மறுநாள் அந்தத் துண்டையும் அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தேன்.

வெறும் பாட்டிலோடு கொல்லையில் உட்கார்ந்தேன். நாக்கைச் சொடுக்கினேன், இந்தத் தடவை வந்தது. ஆனால் அவள் மாதிரி "ப்பா" என்று சொல்லவில்லை. பயமாக இருந்தது. "வாங்க" என்றேன், என் குரலில். சின்னவ வந்தது. மோந்தது. நிப்பிளைப் பிடித்தது. பெரியவ வர நேரம் ஆயிற்று. வந்து, நின்று, என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி என் கண்ணைப் பார்த்தது. நேராக. முதல் தடவையாக. அப்படியே குடித்தது.

பிழைத்துவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் என் பின்னால் ஒருத்தரும் இல்லை என்பது உறைத்தது. அவ்வளவு நாளும் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டிருந்த அந்த இடம் சும்மா கிடந்தது. குட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது திமிறிக்கொண்டு ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை ஓலைப்பெட்டியைத் தூக்கி வைத்தோம். பச்சைப் பாவாடை, தாவணி, ஒரு டஜன் வளையல். அம்மா கும்பிட்டாள். அப்பா கும்பிட்டார். நானும் கையைக் கூப்பினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். வேலை முடிந்து வந்தேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அம்மா வாசற்படியில் கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குட்டிகள் அவள் காலடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"என்னம்மா?"

"சத்தம் கேக்கல" என்றாள்.

"நல்லதுதான?"

"கொஞ்ச நாளாவே கேக்கல. நான் கதவத் தெறந்து வச்சுக்கூடப் பாத்துட்டேன். இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து இங்கனயேதான் இருக்கேன். கேக்கவே இல்லலே."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளே பெட்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஒரு துண்டாவது எடுத்து வச்சிருக்கியாலே? ஒரு நூலு?"

இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். இல்லை என்று சொன்னபோது அம்மா அழுத மாதிரி அக்கா இறந்த அன்றைக்குக்கூட அழவில்லை.

பெரியவ இப்போது சினையாக இருக்கிறது. மடி இறங்கத் தொடங்கிவிட்டது. சின்னவளும் கூடிய சீக்கிரம் சினை பிடித்துவிடும். முழங்கால் உயரம்தான், தரகர் சொன்ன மாதிரி. அம்மா அவற்றை வெயிலில் விடுவதில்லை. ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பெட்டிக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிடும்போது அம்மாவின் வாய் முணுமுணுக்கும். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் கேட்கிறேன். வா என்றுதான் கேட்கிறோம். ஒரு தடவை கொல்லைக்கு வந்துவிட்டுப் போ என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் அவள் எப்படிச் சாமியாக உட்காருவாள்? பெட்டிக்குள்ளும் இல்லாமல் கொல்லையிலும் இல்லாமல் நடுவில் நிற்பாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

எங்களால் அவளுக்காகச் சரியாகக் கும்பிட முடியவில்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, கோயிலோ மாதா கோயிலோ பள்ளிவாசலோ, அடுத்த தடவை கையெடுக்கும்போது என் அக்காவுக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் தெரிய வேண்டாம். தூத்துக்குடியில் ரெண்டு பள்ளைக் குட்டி வளர்த்த பிள்ளை என்று சொன்னால் போதும், சாமிக்குத் தெரியும். அவள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். வா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதை நாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.